ஓ'பிரையனுக்குக் கொம்பு முளைத்த கதை

போன இதழில் என் கார்க் நாட்களைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அயர்லாந்தின் தென்கோடியில் இருக்கும் ஊர் அது. அங்கே ஒரு மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் பதினான்கு வருடம் நோயாளிகளின் கோப்புகளை அடுக்கியவள் நான். விளைவு, இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி வெள்ளைக்காரர்களின் குடும்பப் பெயர்களைப் பற்றித்தான். சரி, இந்த இதழ் முழுக்க அதுவே. ஊறுகாய் பூஞ்சை பிடிப்பது பற்றிக் கேட்ட சகோதரி அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மெக்கார்த்தி, மெக்மேன் என்று வரும் பெயர்களில் 'மக்' என்றால் மகன் என்கிறார்கள். அது நம் 'மகன்'தானே? ஐரிஷ்காரர்கள் தமிழர்களா?
வெ.ரா., கோவில்பட்டி

இதே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆசை புரிகிறது. எனக்கும் முதல் வாரம் உடம்பு சிலிர்த்தது உண்மை.

கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒரு நீண்ட நடைக்கூடம் உண்டு. அதில் ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்து வெட்டிய கற்களை வரிசையாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். நம் நடுகல் மாதிரி ஆளுயரக் கற்கள். எழுத்து கல்லின் முகத்தில் இருக்காது. ஓரத்தில், அரிவாள்மணையில் கொத்தியது போலக் கோடு கோடாக இருக்கும். ஒரு கோடு ஓர் எழுத்து, இரண்டு கோடு இன்னோர் எழுத்து. இந்தக் கற்கள் பெரும்பாலும் கி.பி. 4 முதல் 6ஆம் நூற்றாண்டு வரை வெட்டப்பட்டவை. விஷயமும் சுருக்கம்தான்: இன்னார் மகன் இன்னாருடையது. அந்த 'மகன்' என்ற இடத்தில் 'மக்வி' என்று வெட்டியிருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தால் அதில் 'க்வ'வுக்கு உரிய ஐந்து கோடுகள் இன்னும் தட்டுப்படும்.

அந்த 'க்வ' ஒலியில்தான் விஷயம் இருக்கிறது. ஐரிஷ் மொழியில் அது 'க' ஆயிற்று, 'மக்' வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் வேல்ஸ் மொழியில் அதே ஒலி 'ப' ஆகி 'மப்' வந்தது. நாலு என்பதற்கும் ஐரிஷில் 'க'வில் தொடங்கும் சொல், வேல்ஸில் 'பெட்வார்'. ஆகவே 'மக்' நம் மகன் என்றால் 'மப்'பையும் நம் மகன் என்று காட்ட வேண்டும். அது நடக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நம் வீட்டுச் சாயல் இருப்பதால் அவர் சித்தப்பா ஆகிவிடமாட்டார். தற்செயல்தான், விட்டுவிடுங்கள்.

சென்னைப் பாரிமுனை வள்ளல் பாரியின் பெயரால் வந்ததா?
சு.க., வண்ணாரப்பேட்டை

இல்லை, ஆனால் நல்ல சமயத்தில் கேட்டீர்கள். 1788இல் மதராசுக்கு வந்த வணிகர் தாமஸ் பாரி வேல்ஸ்காரர். இப்போதுதான் சொன்ன 'மப்', காலப்போக்கில் தலையெழுத்தை இழந்து 'அப்' ஆனது. ஹாரியின் மகன் 'அப் ஹாரி'. வேகமாகச் சொல்லிப் பாருங்கள், பாரி வந்துவிடும். ரைஸின் மகன் பிரைஸ், ஹவலின் மகன் பவல், ரிச்சர்டின் மகன் பிரிச்சர்டு, ஓவனின் மகன் போவன், எல்லாம் இந்த வகைதான். ஆக, பாரிமுனையில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் நிற்பது 'ஹாரி மகன் முனை'யில்.

அப்படியே மவுண்ட் ரோட்டுக்கு வந்தால் ஸ்பென்சர். பெரிய வீட்டின் உக்கிராணத்தில் அரிசி பருப்பு அளந்து கொடுப்பவருக்கு அந்தக் காலத்தில் அந்தப் பெயர். மளிகையில் தொடங்கிப் பெரிய கடையான இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஜோசியம் பார்த்து வைத்தாலும் அமையாது. அடுத்து 1844 முதல் புத்தகம் விற்கும் ஹிக்கின்பாதம்ஸ். பாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லங்காஷயரில் போல்டன் பக்கத்து ஓக்கன்பாட்டம் என்ற இடத்திலிருந்து வந்தது. 'பாட்டம்' என்றால் அங்கே பள்ளத்தாக்கின் அடி. ஊரைவிட்டுப் போனவனை ஊர்ப் பெயரால் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஓ'பிரையன், ஓ'நீல் பெயர்களில் உள்ள 'ஓ' ஆங்கில 'ஆஃப்' என்பதன் சுருக்கமா? இடையில் ஏன் அந்தக் குறி?
த.மே., நாகர்கோவில்

இந்தக் குறியால் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

முதலில் பதில்: 'ஆஃப்' இல்லை. 'ஓ' என்பது பேரன், வழித்தோன்றல் என்று பொருள்படும் ஐரிஷ் சொல். மக் என்றால் மகன், ஓ என்றால் பேரன். ஐரிஷில் எழுதும்போது அந்த எழுத்தின் தலையில் ஒரு சின்னச் சாய்கோடு வரும், நெடில் என்று காட்ட. ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாக்களுக்கு அந்தக் கோடு பழக்கமில்லை. எதையோ விழுங்கிய சுருக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, பக்கத்தில் ஒரு கொம்பு போட்டுவைத்தார்கள். அதுவே நின்றுவிட்டது.

ஐரோப்பாவிலேயே வழிவழியாக வரும் குடும்பப் பெயரை முந்திக்கொண்டு வைத்துக்கொண்டவர்களில் ஐரிஷ்காரர்கள் சேர்த்தி. 10, 11ஆம் நூற்றாண்டுகளிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். 1014இல் கிளான்டார்ஃப் போரில் மாண்ட அரசர் பிரையன் போருவின் வழிவந்தவர்கள்தான் ஓ'பிரையன்கள். அந்த பிரையனின் அப்பா பெயர் கென்னடிக். பிரையனின் அண்ணன் தம்பி வழியில் வந்தவர்கள் ஓ'கென்னடி. அமெரிக்க ஜனாதிபதி வரைக்கும் போன பெயர். பொருள் என்ன தெரியுமா? 'அவலட்சணத் தலை' என்பது ஒரு கட்சி, 'தலைக்கவசம் போட்டவன்' என்பது இன்னொரு கட்சி. கென்னடி வீட்டார் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கில ஆட்சி இறுகியபோது 'ஓ'வையும் 'மக்'கையும் பலர் உதறிவிட்டார்கள். கெல்லி, மர்ஃபி, டாயில் எல்லாம் அப்படி மொட்டையானவை. 1893இல் ஐரிஷ் மொழியை மீட்க கேலிக் லீக் என்ற சங்கம் தொடங்கி மொழிப்பற்று கிளம்பிய பிறகு சிலர் மறுபடி ஒட்டிக்கொண்டார்கள். ஒரே வீட்டில் தாத்தா சல்லிவன், பேரன் ஓ'சல்லிவன் என்று இருக்கும்.

இப்போது என் பாடு. நாங்கள் அட்டையிலிருந்து கணினிக்கு மாறிய வருடம், அந்த மென்பொருளுக்குக் கொம்பு பிடிக்கவில்லை. ஒருவர் கொம்பை எடுத்துவிட்டு ஒட்டி எழுதினார். ஒருவர் இடைவெளி விட்டார். ஒருவர் 'ஓ'வைக் கடைசியில் தூக்கிப் போட்டார். ஒரே ஆளுக்கு மூன்று கோப்பு. ஒருநாள் ஒரு பாட்டி எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பெஞ்சிலிருந்து அசையவில்லை, ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. அவருடைய பழைய கோப்பை நான் 'ஓ'வில் தேடிக்கொண்டிருந்தேன், அது 'பி'யில் தூங்கிக்கொண்டிருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தபோது, "பரவாயில்லை கண்ணு, என் பாட்டி காலத்தில் எங்களுக்கு 'ஓ' கிடையாது" என்றார்.

ஒபாமாவுக்கும் இதில் பங்குண்டு. அவருடைய அம்மா வழி முன்னோர் ஒருவர் ஆஃபலி மாவட்டத்து மனிகால் கிராமத்துக்காரர். 2011 மே மாதம் அயர்லாந்து வந்தபோது, வழியில் தொலைந்துபோன கொம்பைத் தேடி வந்திருக்கிறேன் என்கிற மாதிரி ஜோக்கடித்தார். நாங்கள் வேலையை நிறுத்திவிட்டு டீவி பார்த்தது அன்று ஒருநாள்தான்.

'மக்' என்று முழுதாக எழுதினால் ஸ்காட்லாந்து, சுருக்கி எழுதினால் அயர்லாந்து என்பது சரியா?
இ.ப., காரைக்குடி

தவறு. முழுசும் சுருக்கமும் ஒரே சொல், இரண்டு நாட்டிலும் இரண்டும் உண்டு. எங்கள் அலமாரியில் இரண்டையும் ஒன்றாகக் கலந்துதான் அடுக்குவோம். மதத்தை வைத்துப் பிரிப்பதும் இதே மாதிரி கட்டுக்கதை.

இங்கிலாந்தில் எங்கே பார்த்தாலும் ஸ்மித். ஏன்?
ஆ.செ., சிவகாசி

ஊருக்கு ஒரு கொல்லன் இல்லாமல் முடியுமா? லாடம், கொழு, கத்தி எல்லாம் அவர் கையில். 1250இலிருந்து 1400க்குள் இங்கிலாந்தில் குடும்பப் பெயர்கள் கெட்டிப்பட்டன. காரணங்களில் ஒன்று நீங்கள் நினைப்பதுதான், வரி. ஒரு கிராமத்தில் நாலு ஜான் இருந்தால் வரிக் கணக்கெழுதுபவர் என்ன செய்வார்? கொல்லன் ஜான், குன்றடி ஜான், குட்டை ஜான், வில்லியம் மகன் ஜான். ஸ்மித், ஹில், ஷார்ட், வில்சன். ஆங்கிலப் பெயர்களில் பெரும்பகுதி இந்த நாலு பானைக்குள் அடங்கும். 1377, 1379, 1381 என்று மூன்று முறை தலைவரி போட்டார்கள். மூன்றாவது முறை குடியானவர்கள் கொதித்து எழுந்தார்கள். அந்தக் கலகத்தின் தலைவர் வாட் டைலர். வாட் என்பது வால்டரின் செல்லப்பெயர், டைலர் என்றால் ஓடு வேய்பவர்.

தொழிற்பெயர்களில் எனக்குப் பிடித்தது வாக்கர். நடைப்பயிற்சி போனவர் இல்லை. நெய்த கம்பளித் துணியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, இழை இறுகும்வரை காலால் மிதிக்க வேண்டும். நாள் முழுக்க அதே இடத்தில் நடை. அழுக்கு போக அந்தத் தொட்டியில் பழைய சிறுநீரும் ஊற்றுவார்கள், அதனால் வாக்கர் பெயர் வைத்த தாத்தாவின் காலை நினைத்து மரியாதை வருகிறது. இதே வேலைக்குத் தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர், வடக்கில் வாக்கர். பெயரைக் கேட்டாலே பழைய ஆட்கள் எந்தத் திசை என்று தோராயமாகச் சொல்லிவிடலாம்.

ராபின்சன், ஹாப்சன், டாப்சன் மூன்றும் உறவா?
ஞா.வி., மதுரை

மூன்றும் ராபர்ட் பிள்ளைகள். சுப்பிரமணியனைச் சுப்பு, மணி, சுப்புணி என்று கூப்பிடுகிறோமே, அப்படி ராபர்ட் ராப், ஹாப், டாப் ஆனார். ரிச்சர்டு டிக் ஆகவும் ஹிக் ஆகவும் பிரிந்து டிக்சன், ஹிக்சன் பிறந்தார்கள். ஐரிஷ் ஹிக்கின்ஸ் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. அதன் மூலம் 'ஓ ஹிகின்', அதற்குள் ஒளிந்திருப்பது வைக்கிங் என்ற சொல்.

அயர்லாந்துக்காரர்களிலும் ஸ்மித், தார்ன்டன் என்று சுத்த ஆங்கிலப் பெயர்கள் இருக்கின்றனவே? குடியேறியவர்களா?
பெ.ந., பாளையங்கோட்டை

சிலர் அப்படி. நிறையப் பேர் அப்படி இல்லை. உட்கார்ந்து சொல்ல வேண்டிய கதை இது.

1465இல் ஆங்கில அரசு ஒரு சட்டம் போட்டது. டப்ளின், மீத், கில்டேர், லவுத் பக்கம் வாழும் ஐரிஷ்காரர்கள் ஆங்கிலேயர் மாதிரி உடுத்த வேண்டும், மீசையை மழிக்க வேண்டும், ஆங்கிலப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். என்ன பெயர் என்றும் அவர்களே சொன்னார்கள்: ஊர்ப் பெயரா, சட்டன், டிரிம், கார்க். நிறமா, வெள்ளை, கறுப்பு, பழுப்பு. தொழிலா, கொல்லன், தச்சன். பதவியா, சமையற்காரன், பட்லர். சட்டம் எவ்வளவு பேரைப் பிடித்ததோ, அதைவிட அதிகம் பிடித்தது பின்னால் வந்த நூற்றாண்டுகளில் எழுத்தர்களின் பேனா. நானும் எழுத்தர் சாதி என்பதால் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்கிறேன்.

'மக் அன் கவன்' என்றால் கொல்லன் மகன். பாதிப் பேர் மெக்கவன் ஆனார்கள். காவன் மாவட்டத்தில் நேராக ஸ்மித் என்றே மாறிவிட்டார்கள். இது நியாயமான மொழிபெயர்ப்பு. 'மக் அன் தீர்' கைவினைஞர் மகன். இதில் சிலர் கார்பென்டர் ஆனார்கள். அதே சொல்லுக்கு 'சுதந்திரமானவன்' என்றும் பொருள் உண்டு என்பதால் சிலர் ஃப்ரீமேன் ஆனார்கள். தச்சர் வீட்டுப் பேரன் அடிமைத்தளை அறுத்தவன் ஆகிவிட்டான். 'ஓ டிரைனான்' என்ற பெயரில் முள்மரத்துச் சொல் ஒன்று காதில் விழ, தார்ன்டன் என்று எழுதிக்கொண்டார்கள். தார்ன்டன் என்பது ஏற்கெனவே இங்கிலாந்தில் இருக்கும் ஊர்ப் பெயர்.

எல்லாவற்றையும் மிஞ்சியது 'ஓ குனீன்'. ஐரிஷில் முயலுக்கும் அதே ஒலிதான். அப்புறம் என்ன, ராபிட் என்று எழுதிவிட்டார்கள். பழைய மூலத்தில் அது ஓநாய்க்குட்டி என்று பெயராய்வாளர்கள் சொல்கிறார்கள். ஓநாய் பேனா நுனியில் முயலான கதை. எங்கள் அலமாரியில் ராபிட் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டுப் பையனிடம் இதைச் சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் பல்லைக் காட்டிக் கேலி செய்தவர்களின் பெயர்களையெல்லாம் அங்கேயே பட்டியல் போட்டான்.

நமக்கு இது புதிதில்லை. ஹாமில்டன் வாராவதி சென்னைக்காரர் வாயில் அம்பட்டன் வாராவதி ஆகி, அதை யாரோ ஒரு புண்ணியவான் திரும்ப ஆங்கிலமாக்கி பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று எழுதிவைத்ததாகச் சொல்வார்களே, அதேதான்.

பெண்களுக்கும் 'மகன்', 'பேரன்' என்றே பெயர் வருமா?
ம.பூ., திண்டுக்கல்

ஆங்கிலத்தில் எழுதினால் ஆமாம், மேரி ஓ'பிரையன் பேரன்தான். ஐரிஷில் எழுதினால் மாறும். மர்ஃபி என்பது ஐரிஷில் 'ஓ முர்கூ', கடல் வீரனின் பேரன். அந்த வீட்டில் பிறந்த பெண் 'நீ வுர்கூ'. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் 'பான் ஈ வுர்கூ'. பெயரைப் பார்த்தாலே மகளா மருமகளா என்று தெரிந்துவிடும். என் மேசைத்தோழி 'நீ' என்று தொடங்கும் பெயரில்தான் கையெழுத்துப் போடுவாள். கணவர் பெயரை ஒட்டிக்கொள்ளவே இல்லை, கல்யாணமாகி முப்பது வருடம்.

ஆங்கிலத்தில் பெண்களின் தடம் வேறு இடத்தில் இருக்கிறது. வெப்ஸ்டர், பாக்ஸ்டர், புரூஸ்டர் என்பவற்றின் 'ஸ்டர்' முதலில் பெண்பால் விகுதி. நெய்தவள், ரொட்டி சுட்டவள், பீர் காய்ச்சியவள். நூல் நூற்றவளுக்கு வந்த 'ஸ்பின்ஸ்டர்' மட்டும் பெயராகாமல் கல்யாணமாகாதவள் என்ற பொருளில் போய் மாட்டிக்கொண்டது.

கெல்லாக்ஸ் என்றால் என்ன பொருள்? பேரனுக்குத் தினமும் அதுதான்.
லோ.சு., கோவை

பன்றி அறுப்பவர். பதறாதீர்கள், டப்பாவில் சோளம்தான். எசெக்ஸ் பக்கத்துக் கசாப்புக்காரர் ஒருவருக்கு வைத்த பட்டப்பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சோள அவலை உருவாக்கியவர்களில் ஒருவரான டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் தீவிர சைவம். தம் மருத்துவமனை நோயாளிகளுக்கும் மாமிசமில்லாத சாப்பாட்டையே வலியுறுத்தினார்.

பட்டப்பெயர் வகையில் 'தண்ணீர் குடி' என்கிற டிரிங்க்வாட்டர் உண்டு, 'படுக்கப் போ' என்கிற கோட்டுபெட் உண்டு. பென்னிஃபாதர் என்றால் கஞ்சன். பர்செல் என்றால் பன்றிக்குட்டி. பிளேக் என்பவர் கறுப்பா வெளுப்பா என்று சொல்லவே முடியாது, கறுப்பு என்ற சொல்லும் வெளிறியது என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்து, இரண்டும் ஒரே பெயரில் வந்து கலந்துவிட்டன.

கால்டுவெல், ஆர்தர் காட்டன் பெயர்களின் பொருள்?
ஜெ.த., திசையன்விளை

கால்டுவெல் என்றால் குளிர்ந்த ஊற்று. ஊர்ப் பெயர் வழியாக வந்தது. 1814இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் ஸ்காட்டிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். உங்கள் பக்கத்து இடையன்குடியில் தேரி மண்ணில் வெயிலில் வந்து உட்கார்ந்தார் குளிர்ந்த ஊற்று. காட்டனுக்கும் பருத்திக்கும் சம்பந்தமில்லை. குடிசைகள் இருக்கும் இடம் என்று பொருள். முக்கொம்பு மேலணை அவர் கட்டியது.

டப்ளின் போன என் மகன் எங்கள் சம்பந்தி வீட்டுக்கு 'குடும்பச் சின்னம்' போட்ட கோப்பை வாங்கி வந்தான், பெயர் வால்ஷ். உண்மையா?
ர.சா., தாம்பரம்

காபி குடிக்கலாம். சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுக்கும் வழங்கப்படுவது, ஒரே பெயர் கொண்ட எல்லோருக்கும் பொது இல்லை. வால்ஷ் என்பதற்குப் பொருள் வேல்ஸ்காரர். நார்மன் படையோடு கடல் தாண்டி வந்தவர்களை ஐரிஷ்காரர்கள் அப்படிக் கூப்பிட்டார்கள். அந்த 'வேல்ஸ்' என்ற சொல்லுக்கே பழைய ஆங்கிலத்தில் அந்நியன் என்று பொருள். சொந்த நாட்டில் இருந்தவனை வந்தவன் அந்நியன் என்றான்.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லையே, வெளிநாட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்?
வே.க., திருவாரூர்

எங்கே சமாளித்தேன். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றார்கள். அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து நான் மிசஸ் அருணாசலம். கல்யாணமானவள் என்பதால் அது என் கணவர் பெயர் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஒலிபெருக்கியில் அழைத்தால் ஒரு நொடி அப்பாவைத்தான் தேடுவேன்.

மேற்குக் கடலோரத்தில் இன்னும் ஐரிஷ் பேசும் கிராமங்களில் இதைச் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார்கள். அங்கே ஊரே ஒரே குடும்பப் பெயராக இருக்கும். அதனால் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று மூன்றையும் சேர்த்துத்தான் ஆளைச் சொல்வார்கள். நம் இனிஷியலை விரித்து வாசிப்பது மாதிரி.

நான் வேலையை விட்ட அன்று சக ஊழியர்கள் கேக் வெட்டினார்கள். அதன்மேல் வெள்ளைச் சர்க்கரையில் 'நன்றி, மிசஸ் அருணாசலம்'. ஊருக்கு வந்ததும் அம்மாவுக்குப் படத்தைக் காட்டி, எழுத்துக்கூட்டிப் படித்தேன். வாழ்நாளில் ஒருதரம்கூட அந்தப் பெயரை வாயால் சொல்லாதவள் அம்மா. போனைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்கப்பா அங்கே என்ன வேலை பார்த்தாராம்?" என்று கேட்டாள்.